49-க்கு 1: காப்-டக்ளஸ் சமன்பாட்டு டக்ளஸ் வார்டு கவுன்சிலரான கதை

கேள்வி இது: "பதினோராம் வகுப்புப் பொருளியலில் காப்-டக்ளஸ் உற்பத்திச் சார்பு படித்தோம். அந்த டக்ளஸ் சிகாகோவில் கவுன்சிலராக இருந்தவர் என்கிறார்களே, உண்மையா? பேராசிரியராக இருந்த ஒருவர் கவுன்சிலராகப் போய் என்ன செய்ய முடிந்தது?"

உண்மைதான். பால் டக்ளஸ் 1920 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். 1939-லிருந்து 1942 வரை சிகாகோ மாநகர மன்றத்தில் ஐந்தாவது வார்டு உறுப்பினர். அப்புறம் போர்க்களம், அதற்கும் அப்புறம் 18 வருஷம் அமெரிக்க செனட்டர். கவுன்சிலராக என்ன சாதித்தார் என்று கேட்டால், தீர்மானங்களை எண்ணிப் பார்ப்பவர்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அந்த மூன்று வருஷம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தச் சமன்பாட்டை, அதாவது மூலதனமும் தொழிலாளரும் சேர்ந்து எவ்வளவு உற்பத்தி தரும் என்று சொல்லும் சூத்திரத்தை, இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவோம். 1927-இல் டக்ளஸ் மாசசூசெட்ஸில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பாடம் நடத்த வந்திருந்தார். அமெரிக்கத் தொழிற்சாலைகளின் 1899 முதல் 1922 வரையிலான கணக்கை எடுத்து, மூலதனம், தொழிலாளர், உற்பத்தி என்று மூன்று கோடுகளை மடக்கை அளவுத் தாளில் வரைந்தார். 1899-ஐ 100 என்று வைத்துக்கொண்டால் 1920-இல் மூலதனம் 407, தொழிலாளர் 193, உற்பத்தி 231. மேலே மூலதனக் கோடு, கீழே தொழிலாளர் கோடு. உற்பத்திக் கோடு இரண்டுக்கும் நடுவில், தொழிலாளர் கோட்டை ஒட்டி, ஏறக்குறைய கால் பங்கு தூரத்தில் ஓடியது. இதற்கு ஒரு சூத்திரம் கிடைக்குமா என்று அங்கேயே இருந்த கணித ஆசிரியர் சார்ல்ஸ் காப்பிடம் கேட்டார். தொழிலாளருக்கு முக்கால், மூலதனத்துக்குக் கால் என்ற அடுக்குகள் வந்தது அப்படித்தான். கட்டுரை 1928-இல் வெளியானது. சக பொருளியலாளர்கள் பாராட்டவில்லை, பிய்த்து எடுத்தார்கள். இப்போது உலகத்தில் எந்தப் பொருளியல் மாணவரும் அதைத் தாண்டாமல் பட்டம் வாங்க முடியாது.

வகுப்பில் இதை நடத்தும்போது டக்ளஸ் என்றால் கறுப்பு வெள்ளைப் படத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் ஆசாமி என்றுதான் மனதில் பதிகிறது. ஆள் அப்படி இல்லை. அவருடைய ஆய்வு முழுக்கக் கூலியைப் பற்றியது. அமெரிக்கத் தொழிலாளியின் கூலி விலைவாசியோடு ஒப்பிட்டால் உண்மையில் ஏறியதா என்பதை 1890-இலிருந்து வருஷவாரியாகக் கணக்கிட்டவர். அந்தக் கணக்கு அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தது. 1929 வாக்கில் சிகாகோவின் மின்சாரத்தையும் நகரப் போக்குவரத்தையும் பிடியில் வைத்திருந்த சாமுவேல் இன்சலை எதிர்த்துக் கிளம்பினார். 1930-இல் இறக்குமதி வரியைக் கண்டபடி உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று 1,028 பொருளியலாளர்கள் ஜனாதிபதி ஹூவருக்கு விண்ணப்பம் அனுப்பினார்களே, அதை முன்னின்று எழுதியவர்களில் இவரும் ஒருவர். ஹூவர் கையெழுத்துப் போட்டார். தோற்கும் பக்கத்தில் நிற்பது டக்ளஸுக்கு அப்போதே பழகிவிட்டது.

இனி சிகாகோ. சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். சிகாகோவில் 1923-லிருந்து 50. ஆனால் 1940-இல் அந்த ஊர் மக்கள்தொகை ஏறக்குறைய 34 லட்சம். ஒரு வார்டு என்றால் எழுபதாயிரம் பேருக்குப் பக்கத்தில். அங்கே அப்போது கவுன்சிலரை ஆல்டர்மேன் என்பார்கள். குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, கடைக்கு அனுமதி வேண்டும் என்றால் அவர் வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டும். இந்த அளவுக்கு நம்மூர் மாதிரிதான்.

வேறுபாடு இதற்கு மேலே இருக்கிறது. அந்த ஊரில் ஆளும் ஜனநாயகக் கட்சி அமைப்பையே 'மெஷின்' என்பார்கள். மேயர் எட்வர்ட் கெல்லியும் கட்சித் தலைவர் பாட்ரிக் நாஷும் சேர்ந்து ஓட்டிய இயந்திரம். நகராட்சி வேலை வேண்டுமா? கட்சிக்காரர் சிபாரிசு வேண்டும். வேலை கிடைத்தவர் தேர்தலன்று தன் தெரு வாக்குகளைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் இந்தக் கணக்கைப் பார்ப்பவர் ஆல்டர்மேன் அல்ல, கட்சியின் வார்டுப் பொறுப்பாளர். இரண்டு பதவியும் ஒருவரிடமே இருந்தால் அவர் குட்டி ராஜா. ஆல்டர்மேன் பதவி மட்டும் என்றால் மன்றத்தில் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். டக்ளஸுக்குக் கிடைத்தது நாற்காலி.

அந்த நாற்காலியாவது எப்படிக் கிடைத்தது என்பதுதான் சுவாரசியம். 1939-இல் மேயர் தேர்தல். கெல்லிக்கு உள்கட்சியிலேயே போட்டி, அரசு வழக்கறிஞர் தாமஸ் கோர்ட்னி ரூபத்தில். சூதாட்டம், ஊழல் என்று பேர் வேறு கெட்டுக் கிடந்தது. ஹைட் பார்க் பகுதியில், அதாவது பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த ஐந்தாவது வார்டில், படித்தவர்கள் கூடிக் கெல்லிக்கு மாற்றாக ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் டக்ளஸும் இருந்தார். சுயேச்சைக் குழு ஒன்று அவரையே வார்டுக்கு நிறுத்தியது. கெல்லி யோசித்தார். இந்தப் பேராசிரியரை எதிர்த்தால் அந்த வார்டு வாக்குகள் போகும். ஆதரித்தால் "பாருங்கள், நேர்மையானவர்களும் என் பக்கம்தான்" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆதரித்தார். இரண்டாம் சுற்று வரை போன போட்டியில் டக்ளஸ் ஜெயித்தார். கெல்லியும் ஜெயித்தார்.

டக்ளஸின் அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்பேன். மெஷினுக்கு முகம் கழுவ வேண்டிய நாள் வரும்போதெல்லாம் பேராசிரியரைக் கூப்பிட்டது. கழுவி முடித்ததும் ஓரமாக உட்காரச் சொன்னது. இது இன்னொரு தடவையும் நடந்தது, கீழே வருகிறேன்.

மன்றத்தில் டக்ளஸ் கையில் எடுத்தது இரண்டு முக்கியமான விவகாரங்கள். ஒன்று, பள்ளிக்கூட நிர்வாகம். சிகாகோவில் அப்போது பள்ளி வாரிய உறுப்பினர்களை மேயர் நியமிப்பார், மன்றம் ஒப்புதல் தரும். அந்த வாரியமும் மெஷினின் இன்னொரு கிளையாகவே நடந்தது. இன்னொன்று, நகரப் போக்குவரத்துக் கட்டணம். டிராம் வண்டிகள் தனியார் கையில் இருந்தன. கட்டணத்தைக் குறைக்கச் சொன்னார் டக்ளஸ். இரண்டிலும் கிடைத்தது கேலி. ஓட்டுக்கு விட்டால் 49-க்கு 1 என்று முடியும். அந்த 1 இவர்.

சும்மா யோசித்துப் பாருங்கள். உலகத்துக்கே உற்பத்திச் சார்பு கொடுத்த மனிதர், கையில் புள்ளிவிவரத் தாள்களோடு எழுந்து பேசுகிறார். சுற்றியிருக்கும் 49 பேரில் பாதிப் பேர் காதிலேயே வாங்கவில்லை. பெயர் வாசிக்கிறார்கள். ஆதரவு, ஆதரவு, ஆதரவு. அவர் முறை வரும்போது "எதிர்ப்பு" என்கிறார். மறுபடி ஆதரவு, ஆதரவு.

இப்படித் தோற்ற படித்தவர்கள் பெரும்பாலும் "முட்டாள் கூட்டம்" என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். டக்ளஸ் சொன்னதாக வழங்கும் பேச்சு நேர் எதிர். எனக்கு மூன்று பட்டங்கள் இருக்கின்றன, அறிவாளிகளோடே பழகியிருக்கிறேன், இந்த ஆல்டர்மேன்களில் சிலர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள், ஆனால் இவ்வளவு கெட்டிக்காரக் கும்பலை நான் ஓரிடத்தில் பார்த்ததில்லை என்று, நடுவில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னாராம். எந்தத் தெருவில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போயிற்று, எந்த ஓட்டு எந்த உதவியால் அசையும் என்று அந்த 49 பேர் விரல்நுனியில் வைத்திருந்தார்கள். அது பல்கலைக்கழகத்தில் சொல்லித்தராத கணக்கு. சொல்லிக்கொடுத்தது அந்த அவை.

அந்த அவையில் எதிர்ப்பக்கம் இருந்த முக்கியமான ஆளின் பெயரை நினைவில் வையுங்கள்: ஜேக்கப் ஆர்வி. 24-ஆவது வார்டு, நிதிக் குழுத் தலைவர், மெஷினின் மூளைகளில் ஒருவர். 1941-இல் ராணுவத்துக்குப் போகும்வரை டக்ளஸின் 'எதிர்ப்பு'களைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அப்படியானால் மூன்று வருஷமும் வீணா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். டக்ளஸ் குரல் கொடுத்த பள்ளி விவகாரம் 1945-இல் வெடித்தது. தேசிய ஆசிரியர் சங்கமே விசாரித்துச் சிகாகோ பள்ளி நிர்வாகத்தைக் கிழித்து அறிக்கை போட்டது. 1947-இல் கெல்லி நின்றால் தோற்போம் என்று கட்சியே அவரை ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அதே 1947-இல் டிராம் வண்டிகளும் பொதுத்துறைக்கு வந்தன. இரண்டும் டக்ளஸ் செய்ததா? இல்லை. அப்போது அவர் மன்றத்திலேயே இல்லை. ஆனால் 49 பேர் சிரித்த விஷயம் ஆறேழு வருஷத்தில் அந்த 49 பேரின் தலைவரையே சாய்த்தது. அவருடைய கணக்கு தப்பவில்லை, தேதிதான் முந்திவிட்டது.

1942-இல் செனட் தேர்தலுக்கு நிற்கப் பார்த்தார். கட்சி வேட்பாளர் தேர்வில் மெஷின் ரேமண்ட் மெக்கியோ என்பவரை நிறுத்தியது. இல்லினாய் மாநிலத்தில் 102 மாவட்டங்கள். அவற்றில் 99-இல் டக்ளஸ் முன்னிலை! தோற்றார். சிகாகோ இருக்கும் குக் மாவட்ட வாக்குகள் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டன. மெஷின் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல புள்ளிவிவரம் யாரும் தர முடியாது.

தோற்ற கையோடு அவர் செய்ததை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. வயது 50. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், ஒரு காலத்தில் போரே கூடாது என்றவர். 1935-இல் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் புகுந்தபோது இத்தாலியிலேயே இருந்து பார்த்ததில் அந்த எண்ணம் உடைந்தது. இப்போது மரைன் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். கடற்படை அமைச்சர் ஃபிராங்க் நாக்ஸ் சிகாகோப் பத்திரிகை அதிபர், தெரிந்தவர். வயது வரம்புக்கு விலக்கு வாங்க அவர் உதவினார். பாரிஸ் ஐலண்ட் முகாமில் பதினெட்டு வயதுப் பையன்களோடு பயிற்சி. அதிகாரியாகி, பசிபிக் போருக்குப் போய், பெலெலியு தீவில் வீரப் பதக்கம் வாங்கினார். 1945-இல் ஒகினாவாவில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது இயந்திரத் துப்பாக்கிக் குண்டு இடக்கையைத் துளைத்தது. நரைத்த தலையோடு ரத்தத்தில் கிடந்த அந்த மேஜர், என்னை விடுங்கள், பையன்களை முதலில் கொண்டுபோங்கள், நான் வாழ்ந்துவிட்டேன் என்றதைக் கேட்டதாக ஓர் இளம் வீரர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் மருத்துவமனை வாசம். அந்தக் கை கடைசிவரை சரியாகவில்லை.

இதற்குள் வீட்டில் இன்னொரு அரசியல்வாதி உருவாகியிருந்தார். அவர் மனைவி எமிலி டாஃப்ட் டக்ளஸ் 1944-இல் நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வாகிவிட்டார். கணவருக்கு நான்கு வருஷம் முன்பே வாஷிங்டன் போய்ச் சேர்ந்தவர் அவர்தான்.

திரும்பி வந்தவருக்குப் பல்கலைக்கழகம் ஒட்டவில்லை. பொருளியல் துறை முழுக்க வலதுசாரிகள் கைக்குப் போய்விட்டதைப் பார்த்துத் திகைத்ததாகத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். 1947-இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத் தலைவராக ஆற்றிய உரையில் தன் உற்பத்திச் சார்புக்காக இருபது வருஷ விமர்சனத்துக்கு விடை சொன்னார். அதாவது அறிவுலகத்தில் உச்சியில் இருந்த நேரம். அப்போது பழைய ஆல்டர்மேன் ஜேக்கப் ஆர்வி கூப்பிடுகிறார்.

ஆர்வி இப்போது கட்சியின் குக் மாவட்டத் தலைவர். 1948 தேர்தல் வருகிறது. ஜனாதிபதி ட்ரூமன் மண்ணைக் கவ்வுவார் என்று எல்லோருமே எழுதிவைத்துவிட்டார்கள். மெஷினுக்கு மறுபடி முகம் கழுவ வேண்டியிருந்தது. டக்ளஸ் ஆளுநர் பதவியைக் கேட்டார். ஆளுநரிடம்தான் மாநில வேலை நியமனங்கள் இருக்கின்றன. 49-க்கு 1 என்று நின்ற மனிதரிடம் அந்தச் சாவியைக் கொடுப்பார்களா? அட்லாய் ஸ்டீவன்சனை ஆளுநருக்கு நிறுத்திவிட்டு, இவரைச் செனட்டுக்கு அனுப்பினார்கள். வாஷிங்டனில் போய் நேர்மையாக இருந்துகொள்ளட்டும், இங்கே யாருக்கும் தொந்தரவில்லை. ஆர்வி அப்படிக் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம், ஆனால் அந்த மன்றத்தில் உட்கார்ந்த எவரும் அப்படித்தான் போட்டிருப்பார்.

எதிரணியில் பதவியில் இருந்த செனட்டர் வேலண்ட் ப்ரூக்ஸ், நேருக்கு நேர் விவாதத்துக்கு வர மறுத்துவிட்டார். டக்ளஸ் மேடையில் ஒரு காலி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். தன் கேள்வியைக் கேட்பார், எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ப்ரூக்ஸ் சார்பில் பதில் சொல்வார், திரும்பி வந்து அதை மறுப்பார். வகுப்பறை வித்தை! ஜீப் வண்டியில் மாநிலம் முழுக்கச் சுற்றினார். முடிவு: ட்ரூமன் இல்லினாயில் 34 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தப்பினார். டக்ளஸ் 4 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த மாநிலத்தில் ட்ரூமனைக் கரையேற்றியதே இவரும் ஸ்டீவன்சனும்தான் என்று சொல்வதுண்டு.

செனட் காலத்தை விரிவாக எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஒரு காட்சி மட்டும். 1956 ஜூலை. கறுப்பின மக்களின் உரிமைக்கான மசோதா கீழவையில் நிறைவேறி வருகிறது. தென்மாநில செனட்டர்கள் கிடப்பில் போடத் துடிக்கிறார்கள். அதைப் பிடித்து அவைக்குக் கொண்டுவர டக்ளஸ் ஒரு நடைமுறைத் தீர்மானம் வைத்தார். 76-க்கு 6 என்று தோற்றார். வெளியே வந்தவர் மின்தூக்கியருகே உதவியாளரிடம், மணியை மூன்று தடவை அழுத்து, நானும் ஒரு செனட்டர் என்று பாவனை செய்துகொள்வோம் என்றாராம். செனட்டர்கள் மட்டும்தான் மூன்று தடவை அழுத்துவார்கள். அறைக்குப் போய் அழுதார் என்பார்கள். அடுத்த வருஷமே முதல் சட்டம் வந்தது, 1964-இல் பெரிய சட்டம். கடன் கொடுப்பவர்கள் உண்மையான வட்டியைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற அவருடைய மசோதாவும் இப்படித்தான். 1960-இல் கொண்டுவந்தார், 1968-இல் சட்டமானபோது அவர் செனட்டில் இல்லை.

இப்படிப்பட்ட ஆள் இவர் ஒருவர்தானா என்றால், இல்லை. அதே பல்கலைக்கழகத்தின் அரசியல் பேராசிரியர் சார்ல்ஸ் மெரியம், டக்ளஸுக்கு முப்பது வருஷம் முன்பே, 1909-இல் சிகாகோ ஆல்டர்மேன் ஆனவர். நகராட்சிச் செலவுகளை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவராக இருந்து பலர் தூக்கத்தைக் கெடுத்தார், 1911-இல் மேயருக்கு நின்று தோற்றார். 1971-லிருந்து டிக் சிம்சன் என்ற இன்னொரு அரசியல் பேராசிரியர் எட்டு வருஷம் அந்த அவையில் இருந்தார்.

நம் வீட்டுப் பக்கத்தில் ஒரு பெயர் வேண்டுமானால் சியாட்டில் நகர மன்றத்தில் 2023 வரை இருந்த க்ஷமா சாவந்த். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் பொருளியலில் முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தவர். சோசலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லியே 2013-இல், நான்கு முறை ஜெயித்த உறுப்பினரைத் தோற்கடித்தார். அடுத்த வருஷமே சியாட்டில் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போட்டது. 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமாக அதை ஆக்கிய சட்டமும் அவர் கொண்டுவந்ததே. டக்ளஸுக்கு நேர் எதிர் பாணி: அவர் அவைக்குள் தனியாக நின்று பேசினார், இவர் அவைக்கு வெளியே கூட்டத்தைத் திரட்டி உள்ளே இருப்பவர்களை நெருக்கினார். எனக்கு இவருடைய எல்லாப் பேச்சும் உடன்பாடில்லை, ஆனால் ஓட்டை வெல்லும் கலை டக்ளஸைவிடச் சாவந்துக்குக் கைவந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, டக்ளஸின் கடைசிக் காலம். மிச்சிகன் ஏரிக்கரையில் இண்டியானா மணல்மேடுகள் உருக்காலைகளுக்குப் போய்விடாமல் காக்க 1958-லிருந்து மன்றாடினார். அது பக்கத்து மாநிலம், அவருக்கு அங்கே ஓர் ஓட்டுகூடக் கிடையாது. அந்தச் சட்டத்தில் 1966 நவம்பர் 5-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். மூன்றே நாளில், 8-ஆம் தேதி, டக்ளஸ் தேர்தலில் தோற்றார். ஜெயித்தவர் சார்ல்ஸ் பெர்சி, சிகாகோவில் அவரிடமே படித்த மாணவர்.

பதவி போன பிறகு பழைய மூன்று கோடுகளுக்கே திரும்பினார். காப்-டக்ளஸ் சார்பின் வரலாற்றையும் புதிய கணக்குகளையும் சேர்த்து எழுதிய கட்டுரை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்விதழில் 1976 அக்டோபரில் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. செப்டம்பர் 24-ஆம் தேதி இறந்திருந்தார். அஸ்தியைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள ஜாக்சன் பூங்காவில் தூவினார்கள்.